பந்தியில் தேங்கும் சாலடும் வண்டியில் தீரும் கொய்யாவும்

"மதுரைக்காரர்களுக்குப் பச்சைக் காய்கறி இறங்காது" என்பது கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் நண்பர் ஒருவரின் தீர்மானமான கருத்து. தை பிறந்துவிட்டால் மண்டபம் மண்டபமாக ஓடுகிற மனிதர் என்பதால் அவர் பேச்சைச் சட்டென்று தள்ளிவிடவும் முடிவதில்லை. வரவேற்பு விருந்தென்றால் சாலட் மேசை இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டார் கேட்கிறார்கள். அவரும் தர்பூசணியில் மயில் செதுக்கி, முட்டைக்கோஸ் இலையை விரித்து, விதவிதமாக அடுக்கி வைக்கிறார். இரவு பாத்திரம் ஏற்றும் நேரத்தில் அந்த மேசை மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கிறது. பரோட்டா தட்டுப்பட்டு, இன்னும் மாவு பிசையச் சொல்லி ஆள் ஓடிய கதைகள் அவரிடம் நிறைய உண்டு. சாலட் தட்டுப்பட்டதாக ஒரு கதையும் இல்லை. ஆகவே வெந்ததும் வதங்கியதும் தாளித்ததும் மட்டுமே இந்த ஊர் நாக்குக்கு ஏறும் என்பது அவர் முடிவு. இந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுத்துப் பேசவும் உடனே வாய் வரவில்லை. ஏனென்றால் அதே மார்கழி தையில், அதே விருந்தாளிகள், பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கொய்யாவை வாங்கிக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூட வாசல்களில் நெல்லிக்காயும் இலந்தைப்பழமும் மணி அடித்த கால் மணி நேரத்தில் காலியாகின்றன. பச்சையாகத் தின்பதில் இந்த ஊருக்குக் கூச்சமே கிடையாது.

அப்படியானால் கோளாறு மேசையில்தான் இருக்க வேண்டும் என்று, அழைப்பு வந்த விருந்துகளிலெல்லாம் அந்த மேசையருகே போய் நின்று பார்க்க ஆரம்பித்தேன். (என் மனைவிக்கு இதில் சிறிது சங்கடம் உண்டு.) வட்ட வட்டமாக அரிந்த வெள்ளரி, தக்காளி, கேரட், பெரிய வெங்காயம், மேலே பாதி எலுமிச்சை, பெரும்பாலும் இந்த ஐந்துதான். மாலை நான்கு மணிக்கு அரிந்து, அப்போதே உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறி, ஏழரைக்கு மேசைக்கு வருகிறது. அதற்குள் பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பு நீர் ஒரு விரற்கடை நிற்கிறது. வெள்ளரி துவண்டு கண்ணாடியாகியிருக்கிறது. தக்காளியின் சதை கழன்று விதை நீரில் மிதக்கிறது. மேலே வைத்த கேரட் மட்டும் காற்றுப்பட்டு வெளுத்து விளிம்பில் காய்ந்திருக்கிறது. இவை எல்லாவற்றின்மீதும் வெங்காய வாடை. கரண்டியில் எடுத்தால் நீர் சொட்டி, தட்டிலிருக்கும் பரோட்டா நனைகிறது. இதை ஒருவர் தவிர்த்தால் அவருக்குப் பச்சைக் காய் பிடிக்கவில்லை என்று பொருளாகாது. கண் தெரிகிறது என்றுதான் பொருள்.

வெள்ளரிக்கும் தைக்கும் என்ன தொடர்பு என்பது அடுத்த கேள்வி. பசுமைக்குடில்கள் வந்தபின் வெள்ளரி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாட்டு வெள்ளரிப்பிஞ்சு மாசி கடைசியில் தலைகாட்டி, பங்குனி சித்திரையில் பேருந்து ஜன்னல்களுக்குக் கூடையோடு வருகிற சரக்கு. எங்கள் வீட்டில் ராமநவமிக்குச் செய்யும் கோசுமல்லி அந்தக் கணக்கில் அமைந்தது: ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய், ஒரு தாளிப்பு. பங்குனி வெயிலில் உடம்பு கேட்பதும் தோட்டத்தில் காய்ப்பதும் ஒன்றாக இருக்கும் நேரம் அது; கலந்த சூட்டில் இலைக்கும் வந்துவிடுகிறது. மண்டபத்து மேசை அந்தக் கோடைப் பண்டத்தின் நிழலை எடுத்து, மாங்காயும் பருப்பும் இல்லாமல், தவறான மாதத்தில், மூன்றரை மணி நேரம் தாமதமாகப் பரிமாறுகிறது. மார்கழி தைக்கென்று பச்சைக் கலவை ஒன்று நம்மிடம் வழக்கத்தில் இல்லை. இந்த மாதங்களில் வரும் காய்களெல்லாம் பொங்கல் குழம்புக்கும் கூட்டுக்கும் போய்விடுகின்றன. அந்த இடம் காலியாக இருக்கிறதே என்ற எண்ணம் வந்தபின் எனக்கு நண்பரின் கருத்தை மறுப்பதைவிட, ஒன்றைச் செய்து பார்த்துவிடும் ஆசை கூடிவிட்டது.

செங்காய்

அதற்கான வழி கோரிப்பாளையத்தில் ஒரு தள்ளுவண்டியில் கிடைத்தது. வண்டி நிறைய ஆயக்குடிக் கொய்யா. பழனிக்குப் பக்கத்திலிருந்து வருகிற இந்தக் கொய்யாவுக்கு மதுரையில் தனி மதிப்பு உண்டு. மாலை நேரக் கூட்டத்தில் எனக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றதால் வியாபாரியின் கையை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழமா, செங்காயா?" என்பது. அநேகமாக எல்லாரும் செங்காய்தான் கேட்டார்கள். பச்சை நிறம் விட்டு மஞ்சள் ஏறத் தொடங்கிய, விரலால் அழுத்தினால் இன்னும் அமுங்காத காயை அவர் இடது உள்ளங்கையில் நிறுத்தி, மேலிருந்து கத்தியை இறக்கினார். அடிவரை வெட்டவில்லை, காம்புப் பக்கத்தில் அரை விரல் விட்டு நிறுத்தி, காயைத் திருப்பித் திருப்பி அதேபோல் கீறியபின், கட்டைவிரலால் லேசாக விரித்தார். கீற்றுகள் பிரிந்தும் பிரியாமலும் நின்றன. அதன்பின் அவர் உப்பு டப்பாவைத் தொடவில்லை. காசு கைக்கு வந்து, சில்லறை கொடுத்து, காயை நீட்டுகிற கடைசி நொடியில்தான் கத்தியின் பட்டையில் உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளி, கீற்றுகளுக்கு இடையில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

கூட்டமாக இருக்கிறதே, சிலவற்றை முன்பே கீறித் தடவி வைத்தால் வேகமாகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முன்னக்கூட்டித் தடவுனா தண்ணி விட்டுரும்ண்ணே. நசநசன்னு ஆயிருச்சுன்னா எவன் வாங்குவான்?" என்றார்.

நண்பரின் மேசைக்கும் இந்த வண்டிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. உப்பு பட்டதும் காயின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறத் தொடங்குகிறது. அணுவுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்தான் மொறுமொறுப்பு என்பதால், நீர் போகப் போகக் காய் துவள்கிறது. பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லாரும். அதைத் தொழிலாக நடத்திக் காட்டுகிறவர் இவர். முதிராத காயைத் தேர்வதும் அதே கணக்குதான். கொய்யாவில் நீர் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பங்கு, வெள்ளரியில் 95, தக்காளியில் 94. கனியும்போது உயிரணுக்களின் சுவரைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைந்து சதை தளரும். செங்காயில் அது இன்னும் கட்டாக இருக்கிறது. இறுகிய காய், கடைசி நொடி உப்பு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணத்தை நிரப்ப முடியுமா என்பதுதான் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மிஞ்சிய கேள்வி.

மார்கழிக் கூடை

மதுரையில் குளிர்காலம் என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கி, பத்து மணிக்கெல்லாம் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, பனி இறங்கும் இந்தச் சில வாரங்களில் அண்ணா நகர் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போனால், சித்திரையில் பார்த்த சந்தைதானா என்று தோன்றும். (1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறக்கப்பட்டது இதுதான் என்பதில் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு.) மல்லித்தழைக் கட்டு கை கொள்ளாமல் இருக்கும். முள்ளங்கி மண்ணும் இலையுமாக வந்திருக்கும். மானாவாரிக் காட்டு மொச்சையும் அவரையும் குவிந்து கிடக்கும். மலையிலிருந்து பச்சைப் பட்டாணியும் கேரட்டும் இறங்கியிருக்கும்.

கேரட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துச் சரிவுகளில் மார்கழி தை இரவுகளில் உறைபனி விழும். அந்தக் குளிரைத் தாங்குவதற்காகக் கேரட் தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. திசுவில் சர்க்கரை கூடினால் நீர் எளிதில் உறையாது. அதனால் இந்த மாதத்துக் கேரட்டைக் கழுவிவிட்டு அப்படியே கடிக்கலாம். மே மாதத்தில் கூட்டுக்கு வாங்கும் கேரட்டோடு இதை ஒரே பெயரில் விற்பதே எனக்கு நியாயமாகப் படவில்லை. பட்டாணியில் இதற்கு நேர் எதிரான கதை. பறித்த நொடியிலிருந்து அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருக்கிறது. எனவே உரித்துப் பையில் கட்டி விற்பதை வாங்குவதில்லை. நெற்றாக வாங்கி, அங்கேயே ஒன்றை உடைத்து வாயில் போட்டுப் பார்க்கிறேன். இனித்தால் பச்சையாகவே சேரும், மாவாக இருந்தால் குழம்புக்குப் போகும்.

பழங்களில் கொய்யாதான் முதல். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சில் அது 50ஐச் சுற்றித்தான். ஆனால் ஆரஞ்சின் வேலை வேறு. சாறும் புளிப்பும் தருவதற்கு ஒன்று வேண்டும். பழனி மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையும் கமலா ஆரஞ்சு கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் நாக்பூர் ஆரஞ்சு இந்த மாதங்களில் எங்கும் குவிந்து கிடக்கிறது. நெல்லிக்காய் ஒன்றிரண்டு போதும். மாதுளையைப் பற்றி எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. எந்தச் சாலட் படத்தைப் பார்த்தாலும் அதைத் தூவி வைத்திருப்பார்கள், அழகுக்கென்றே. இந்தக் கலவையில் மட்டும் அது சும்மா இருக்கவில்லை. தோல் உடையாத முத்துக்குள் சாறு அடைபட்டிருப்பதால், கிண்ணத்தை நனைக்காமல் வாயில் மட்டும் நனைக்கிற ஒரே பழம் அதுதான்.

பீட்ரூட்டை நான் சேர்ப்பதில்லை. சாயம் ஒருபுறமிருக்க, அதன் மண்வாசம் கொய்யாவின் மணத்தை விழுங்கிவிடுகிறது. பெரிய வெங்காயமும் வேண்டாம். வெள்ளரிக்கும் தக்காளிக்கும் விடை கொடுத்தாயிற்று.

உப்பின் முறை

நான்கு பேருக்கு நடுத்தரக் கேரட் இரண்டு, இளம் முள்ளங்கி ஒன்று, செங்காய்க் கொய்யா இரண்டு, உரித்த பட்டாணி ஒரு கைப்பிடி, ஒரு ஆரஞ்சு, அரை மாதுளை, ஒரு நெல்லிக்காய், மல்லித்தழை தாராளமாக, வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிய நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி. பச்சையாகத் தின்பவை என்பதால் எல்லாவற்றையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். இந்தத் துடைப்பைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்; கிண்ணத்தின் அடியில் நிற்கும் நீரில் பாதி குழாய் நீர்தான்.

கடைசியில் உப்பு என்ற விதிக்கு முள்ளங்கி ஒரு விலக்கு. வெள்ளரியைப் போலவே அதிலும் 95 பங்கு நீர்தான். கூடவே நறுக்கும்போது உண்டாகும் கடுகெண்ணெய்க் காரமும் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் முதலில் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்பில் பிசறிப் பத்து நிமிடம் தனியே வைத்துவிடுகிறேன். நீர் விட்டு, கார நெடி தணிந்து, வளைந்தாலும் ஒடியாத பக்குவத்துக்கு வந்திருக்கும். ஒரு முறை அலசி, இரு கைகளாலும் அழுத்திப் பிழிந்தால் எவ்வளவு நீர் வருகிறது என்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மண்டபத்துக் கிண்ணத்தின் அடியில் தேங்கியது எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

கேரட்டைத் துருவக் கூடாது, அரிய வேண்டும் என்பது என் கட்சி. துருவி ஆயிரம் இடங்களில் அணுக்களைக் கிழிக்கிறது. சாறு அப்போதே வடியத் தொடங்கும். கூரான கத்தி வெட்டிய இடத்தில் மட்டும் வெட்டும். நெல்லிக்காயைத்தான் துருவ வேண்டும். துண்டாகக் கடித்தால் துவர்ப்பு ஒருவர் வாயில் மொத்தமாக மாட்டும். துருவினால் கிண்ணம் முழுக்கப் பரவி, எலுமிச்சைக்கு வேலை குறையும். கொய்யாவைக் கடைசியாக நறுக்குவது நல்லது. வீட்டில் பல் கட்டியவர்கள் இருந்தால் நடுவிலிருக்கும் விதைப்பகுதியைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, சுற்றுச் சதையை மட்டும் சீவலாம். எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்காக அப்படித்தான்.

இனி கலப்பது. ஆரஞ்சும் மாதுளையும் நீங்கலாக மற்றவற்றின்மேல் ஒரு தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெய் விட்டு, விரல்களால் புரட்டுகிறேன். வெட்டுவாய்களில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிவதால் பின்னால் வரும் உப்பு சற்றுத் தாமதமாகவே உள்ளே பாயும். கேரட்டின் கரோட்டின் கொழுப்பில் கரைகிற சத்து என்பதால், எண்ணெய் இல்லாமல் தின்றால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போகும் என்பது இன்னொரு லாபம். ஆரஞ்சுச் சுளைகளைத் தோல் நீக்கிப் பிட்டுப் போட்டு, மாதுளை, மல்லித்தழை, இடித்த மிளகு, பொடியாக அரிந்த இஞ்சி சேர்க்கலாம். தட்டுகள் வந்து, ஆட்கள் உட்கார்ந்தபின் உப்பு, அரை மூடி எலுமிச்சை, மேலே கடலை. மிளகாய்த்தூள் வேண்டுபவர்கள் தட்டிலேயே தூவிக்கொள்ளட்டும்.

பனிக்காலத்தில் பச்சையாகத் தின்றால் சளி பிடிக்கும் என்பதில் பெரியம்மா உறுதியானவர். மிளகையும் இஞ்சியையும் காட்டித்தான் அவரை முதல் வாய் எடுக்க வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அது அவருக்காகச் சொன்ன சமாதானம் மட்டும் இல்லை. குளிர்ந்த கொய்யாவுக்கு மணம் எழும்பாது. தாளிக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கு நான் பாதி வரைக்கும் இறங்கி வந்தேன். கடுகு மட்டும் தாளித்து ஆறவிட்டுச் சேர்த்தால் பொருந்துகிறது. பெருங்காயம் போட்டால் அப்புறம் கொய்யா எதற்கு?

காணும் பொங்கலன்று வீடு நிறைய உறவினர்கள். எல்லாரும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய தாம்பாளத்தில் இதைக் கலந்து நடுவில் வைத்தேன். சாலட் என்று பெயர் சொல்லவில்லை. வாடிவாசலில் இருந்து கண்ணெடுக்காமல் கை மட்டும் வந்து வந்து போனது. தேனியிலிருந்து வந்த மாமா, கொய்யாத் துண்டுகளை மட்டும் பொறுக்குகிறார் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். மறுநாள் நண்பரிடம் இதைச் சொன்னபோது, இருபது பேருக்கு நடப்பது அறுநூறு பேருக்கு நடக்காது என்றார். தோசைக்கு ஆள் நிறுத்திச் சுடச்சுட வார்த்துக் கொடுப்பதுபோல, கொய்யாவுக்கும் முள்ளங்கிக்கும் ஒரு ஆளை நிறுத்தி, கேட்கக் கேட்கக் கலந்து கொடுத்தால் என்ன என்று கேட்டேன். தோசை மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு, காய் நறுக்குகிறவருக்கு அந்தச் சம்பளத்தை எந்த வீட்டார் கொடுப்பார்கள் என்றார். அந்தக் கணக்கில் அவர் சொல்வது சரி. நாக்கைப் பற்றிய பேச்சை மட்டும் அன்றோடு அவர் நிறுத்திவிட்டார்.

எனக்கும் பெரியம்மாவுக்கும் இடையே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு பனங்கிழங்கைப் பற்றியது. தையில் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிற கிழங்கை, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலும் நடுக் குருத்தும் நாரும் நீக்கி, சாய்வாக மெல்லிய வில்லைகளாக அரிந்து இந்தக் கலவையில் சேர்த்தேன். நீரே விடாத, மென்று தின்ன வேண்டிய, லேசான கசப்புள்ள பண்டம். ஆரஞ்சுச் சுளையோடு ஒரே வாயில் வந்தால் எனக்கு அதற்கு இணையாக ஒன்றும் தோன்றவில்லை. "கெழங்கக் கெழங்காத் தின்னு, கொய்யாவக் கொய்யாவாத் தின்னு. ரெண்டையும் எதுக்குடா ஒண்ணாப் போட்டுக் கெடுக்குற?" என்று பெரியம்மா தன் தட்டிலிருந்து வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் ஒதுக்கினார். ஒதுக்கியவற்றைக் கடைசியில் மிளகாய்ப்பொடி தொட்டுத் தனியாகத் தின்று முடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தை முடிவதற்குள் இன்னொரு கட்டு வாங்கி வந்திருக்கிறேன்; இம்முறை வில்லைகளைத் தேங்காய்த் துருவலில் புரட்டிச் சேர்ப்பதாக இருக்கிறேன்.